பிடரிக்குப் பத்து நிமிடம்

களத்தில் தலையில் அடிபடும் பிள்ளைகளைக் கழுத்துப் பயிற்சி காப்பாற்றுமா? மட்டக்களப்பு வாவிக் கரை மைதானங்களிலிருந்து ஒரு விசாரணை.

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் இரவு. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றில், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல் துண்டில் மணல் பரப்பி, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டியிருந்தார்கள். கபடி இறுதிப் போட்டி. பாடி வந்தவன் பெரிய ஆள். இடது மூலையில் குந்தியிருந்த பொடியன் அவனுடைய கணுக்காலைக் குறிவைத்துப் பாய்ந்தான். அதே நேரம் அவன் காலை உதறித் திரும்ப, முழங்கால் பொடியனின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. என்ன சத்தம் கேட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. குந்தியிருந்த பொடியன் நான்தான்.

முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். பிடரியில் சித்தாலேப தேய்த்தார்கள். "ஒண்டுமில்ல மனே, எழும்பு" என்று யாரோ தூக்கி நிறுத்தியதோடு என் நினைவு அறுந்துவிட்டது. இரண்டாம் பாதி முழுக்க ஆடினேனாம். இரண்டு பேரைப் பிடித்தும் கொடுத்தேனாம். வென்றோமாம். எல்லாம் மறுநாள் மச்சான்மார் சொல்லித் தெரிந்ததுதான். இரவில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். அம்மா நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டா. பத்து நாளுக்கு மேல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நீந்தின.

அதற்குப் பெயர் மூளை அதிர்வு என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கு நரை தட்டத் தொடங்கியிருந்தது.

மட்டக்களப்பில் எருமைத் தயிர்ச் சட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இந்த மூளை அதிர்வை விளக்க அதிக நேரம் தேவையில்லை. சைக்கிள் குழியில் இறங்கி ஏறுகிறது. சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் போய் வாயில் கட்டிய தாளை அவிழ்த்தால் தயிர் குலைந்து தண்ணீர் விட்டிருக்கும். மண்டையோடு அந்தச் சட்டி, மூளை அந்தத் தயிர். தலை சட்டென்று சுண்டப்படும்போது உள்ளே மிதந்துகொண்டிருக்கும் மூளை ஒரு கணம் பிந்தி நகர்கிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. நேராகத் தள்ளுகிற அடியைவிட, தலையைப் பம்பரம் மாதிரித் திருகிவிடுகிற அடி மோசமானது. இரத்தம் வராது. வீக்கமும் இல்லாமல் இருக்கலாம். அடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மயக்கம்கூட வருவதில்லை. சி.ரி. ஸ்கான் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். குலைந்த தயிர் அதில் தெரியாது. தலைக்கவசம் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்: கவசம் சட்டியைக் காக்கும்.

கபடியில் அந்தக் கவசமும் கிடையாது. அப்படியானால் மிச்சம் இருப்பது சட்டியைக் கரியரோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு. அது எவ்வளவு இறுக்கமோ, தயிர் அவ்வளவு பத்திரம். நம் உடம்பில் அந்தக் கயிறு கழுத்து.

ஒரு தராசும் ஒரு கணக்கும்

வளர்ந்த மனிதரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை எடை. ஏழு சிறிய எலும்புகளின் மேல் அது நிற்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் இரண்டு வடங்கள் முன்னால், பிடரியிலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரியும் பெரிய தசை பின்னால், இவற்றுக்கு உள்ளே பல அடுக்குச் சிறு தசைகள். அடி விழுவதற்கு ஒரு கண்ணிமைப்பொழுது முன்னால் இவையெல்லாம் இறுகிவிட்டால், தலையும் உடம்பும் ஒரே கட்டையாகிவிடும். அப்போது மோதுகிறவன் அசைக்க வேண்டியது ஐம்பது அறுபது கிலோவை. தசைகள் தளர்ந்திருந்தால் அவனுக்கு எதிரே இருப்பது ஐந்து கிலோ மட்டும். அது தனியாகப் பறக்கும்.

இது கேட்க நியாயமாக இருக்கிறது. நியாயமாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாதே என்று அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், லக்ரோஸ் ஆடும் 6,704 உயர்நிலைப் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்துச் சுற்றளவையும் பலத்தையும் பருவத் தொடக்கத்திலேயே அளந்து வைத்துக்கொண்டு, பிறகு யாருக்கெல்லாம் மூளை அதிர்வு வந்தது என்று பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. மெலிந்த கழுத்தும் பலம் குறைந்த கழுத்தும் உள்ள பிள்ளைகளுக்கே அதிர்வு அதிகம். கழுத்தின் பலம் ஒரு இறாத்தல், அதாவது ஏறக்குறைய 450 கிராம், கூடும்போதெல்லாம் அதிர்வு வரும் வாய்ப்பு 5 வீதம் குறைந்தது.

பலத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆய்வுகூடத்து இயந்திரம் எல்லாப் பாடசாலைக்கும் வாங்கிக் கட்டாது என்று, கையில் பிடிக்கிற விலைகுறைந்த இழுவைத் தராசு ஒன்றைச் சோதித்துச் சரிபார்த்து எடுத்துக்கொண்டார்கள். தலையில் பட்டியை மாட்டி, பிள்ளை எவ்வளவு இழுக்கிறது என்று முள்ளைப் பார்ப்பது. நம் மீன் சந்தையில் மீனைக் கொளுவித் தூக்கிப் பிடிக்கிறார்களே, ஏறக்குறைய அந்தச் சாதித் தராசு. வாவிக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை.

அந்த ஆய்வில் இருந்த கூடைப்பந்தாட்டத்துக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள உறவு வேறு எந்தத் தமிழ் ஊருக்கும் எளிதில் வாய்க்காதது. நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் புனித மைக்கேல் கல்லூரிப் பொடியன்களின் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அவர்களில் ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரத்தின் மைதானம் இன்றும் வெபர் அரங்காக நிற்கிறது. திருகோணமலையிலும் இங்கும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயூஜின் ஹெபேர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அவர்கள் விட்டுப்போன விளையாட்டு இன்னும் இருக்கிறது. கூடைப்பந்தை உடம்பு படாத விளையாட்டு என்று நினைக்கிறவர்கள், கூடைக்கு அடியில் இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று அப்போது தெரியும்.

இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் உடம்போடு உடம்பு மோதுகிற விளையாட்டுகள் என்று பார்த்தால் கூடைப்பந்து நகரத்துக்கு, உதைபந்து எல்லா ஊருக்கும், கபடி கிராமங்களுக்கு. தெற்கே நிந்தவூர் போன்ற ஊர்கள் தேசியக் கபடி அணிக்கே ஆட்களை அனுப்பியிருக்கின்றன. றக்பி கண்டிக்கும் கொழும்புக்கும் உரியது. இங்கே அது இன்னும் விருந்தாளி. ஆனால் கழுத்துப் பயிற்சியைப் பற்றி உருப்படியான தகவல் கிடைப்பது அந்த விருந்தாளியிடமிருந்துதான்.

பலம் மட்டும் போதவில்லை

அதற்கு முன் ஒரு தண்ணீர் வாளியை ஊற்றிவிடுகிறேன். பலமான கழுத்துள்ளவர்களுக்கு அதிர்வு குறைவு என்பது ஒன்று. பயிற்சி கொடுத்துக் கழுத்தைப் பலப்படுத்தினால் அதிர்வு குறையும் என்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு வாவியே இருக்கிறது. 2005இலும் 2012இலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, எட்டு வாரம் கழுத்துக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முன்னதில் உதைபந்தாட்டக்காரர்கள், பின்னதில் அமெரிக்கக் கால்பந்தின் மறிப்பு. கழுத்து பலப்பட்டது. ஆனால் மோதலின்போது தலை குலுங்கும் வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஏன்? மூலையில் குந்தியிருந்த என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத அடிக்கு எவ்வளவு பெரிய தசை இருந்தும் அது இறுக நேரம் கிடைக்காது. எட்டு வயதுப் பிள்ளை முதல் முப்பது வயதுக்காரர் வரை வைத்து 2014இல் நடத்திய இன்னொரு சோதனையும் இதையே காட்டியது: பலமான கழுத்தும் முன்கூட்டியே இறுகிய கழுத்தும் ஆகிய இரண்டுமே தலையின் குலுக்கலைக் குறைக்கின்றன. பலம் பாதி, விழிப்பு பாதி.

இனி றக்பிக்கு வருவோம். இங்கிலாந்தில் 40 பாடசாலைகள், 14 முதல் 18 வயதுக்குட்பட்ட 3,188 பொடியன்கள். பாதிப் பாடசாலைகளில் வழக்கமான சூடேற்றல். மறுபாதியில் புதிதாக அமைத்த இருபது நிமிடத் தொடர்: ஒற்றைக்காலில் நிலைகொள்வது, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது, ஓடும்போது சட்டென்று திசைமாறுவது, இவற்றோடு கைகளால் தடுத்துக்கொண்டு கழுத்தை இறுக்கும் பயிற்சி. 2017இல் வந்த முடிவின்படி, வாரத்துக்கு மூன்று முறையாவது இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் மூளை அதிர்வு 59 வீதம் குறைவு. பேருக்குச் செய்த அணிகளுக்கு இந்த அளவு பலன் இல்லை. உலக றக்பி அமைப்பு இதை 'அக்டிவேட்' என்ற பெயரில் எல்லா நாடுகளுக்கும் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறது.

அந்த 59 வீதத்தில் கழுத்தின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் அபிப்பிராயம், பிரிக்கத் தேவையும் இல்லை. நிலைதவறாமல் இறங்கத் தெரிந்தவன் தலையைக் கொண்டுபோய் முழங்காலில் கொடுக்கமாட்டான். கழுத்தை மட்டும் கட்டையாக்கிக்கொண்டு, குனியத் தெரியாமல் பாய்கிறவனுக்கு அந்தக் கட்டையால் பிரயோசனம் இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழக்கில் இப்போது பெண்கள் கபடிக்கும் உதைபந்துக்கும் வருகிறார்கள், நல்லது. ஒரே விதிகளில் ஆடும் உதைபந்திலும் கூடைப்பந்திலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிர்வு அதிகம் என்று அமெரிக்கப் பாடசாலைக் கணக்குகள் காட்டுகின்றன. 2005இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு இழுப்புக்குப் பெண்களின் தலை ஆண்களின் தலையைவிட 50 வீதம் கூடுதல் முடுக்கத்தோடு திரும்பியது. கழுத்துத் தசையின் அளவும் பலமும் குறைவாக இருப்பது ஒரு காரணம். அப்படியென்றால் இந்தப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் பெண்கள் அணி. நடப்பதோ தலைகீழ். கழுத்து தடித்துவிடும், பிறகு மாப்பிள்ளை பார்ப்பது எப்படி என்று ஒரு தாய் என்னிடம் கேட்டா. வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம் கையால் அழுத்துவதில் யாருடைய கழுத்தும் தடிக்காது அம்மா. நாங்கள் பேசுவது தசையை எழுப்பி வைப்பதைப் பற்றி, பயில்வான் கழுத்தைப் பற்றியல்ல.

துவாயும் சைக்கிள் டியூபும்

செய்முறை எளிது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ளு, கையால் தலையைத் தடு. தலை அசையக் கூடாது. அதுதான் முழு இரகசியமும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடு. பிறகு கையைப் பிடரியில் வைத்துப் பின்பக்கம், வலக் காதுக்கு மேல் வைத்து வலப்பக்கம், அப்படியே இடப்பக்கம். முதல் வாரம் பாதிப் பலம் போதும். நோவு வந்தால் நிறுத்து. பழகியபின் இருவர் இருவராக நின்று, ஒருவன் தலையில் மற்றவன் துவாயைப் போட்டு மெதுவாக இழுக்க, அவன் அசையாமல் தாங்கலாம். பழைய சைக்கிள் டியூபைக் கம்பத்தில் கட்டியும் இதைச் செய்யலாம். அடுத்த கட்டம் விழிப்புக்கு: கண்ணை மூடி நிற்கிறவனின் தோளை எந்தப் பக்கமிருந்து தள்ளப்போகிறோம் என்று சொல்லாமல் லேசாகத் தள்ளுவது, தலை ஆடாமல் அவன் நிலைகொள்ள வேண்டும்.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். வட இந்திய மல்யுத்தக் கூடங்களில் கழுத்தில் கல் வளையம் மாட்டிக்கொண்டு குந்தி எழும்புவார்கள். தலையை நிலத்தில் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கிற 'பாலம்' குத்துச்சண்டைக்காரர்களிடம் பிரபலம். மைக் டைசனின் கழுத்து அப்படி வந்ததுதான். கைத்தொலைபேசியில் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நம் பொடியன்களும் மணலில் தலையை ஊன்றுகிறார்கள். வளரும் வயதில், பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இல்லாமல், அது கழுத்தெலும்போடு விளையாடுவது. தலையைச் சுழற்றிச் சுழற்றி 'டக்' என்று நெட்டி முறிப்பதும் பயிற்சி ஆகாது.

நான் பார்த்த வாவிக் கரை மைதானங்களில் சூடேற்றல் என்றால் மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டம், தொடையில் நாலு தட்டு. காலுக்கு எண்ணெய் உண்டு, தோளுக்குத் தண்டால் உண்டு. பிடரிக்கு ஒன்றும் இல்லை, அடிபட்ட பிறகு பூசும் தைலத்தைத் தவிர.

மானமா, மூளையா

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு ஒரு பயம் இருக்கிறது. "கழுத்துப் பயிற்சி செய்த பிள்ளை, இறக்கு பார்ப்பம்" என்று அடிபட்டவனைத் திரும்பக் களத்தில் விடுவதற்கு இந்தக் கட்டுரை ஒரு சாட்டாகிவிடக் கூடாது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சில குழிகளில் தயிர் குலையத்தான் செய்யும். குலைந்த மூளை ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும், மூளை சட்டென வீங்கிவிடலாம். அரிதானது; வந்தால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகும். இளம் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் ஒரு பாடசாலை றக்பிப் போட்டியில், தலையில் அடிபட்ட பின்னும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் இப்படித்தான் இறந்தான். 2013இல் கனடாவில் 17 வயதுப் பெண். அவள் பெயரிலேயே ஒன்ராறியோ மாகாணம் 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையைக் களத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரித்தானிய அரசு 2023இல் அடிமட்ட விளையாட்டுகளுக்குக் கொடுத்த வழிகாட்டலின்படி, அடிபட்டவர் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பவே கூடாது.

எங்கள் ஊரில் இதை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்பு முறியில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து இழுக்கிற பூமி இது. கொம்பு முறிந்த கட்சி கேட்கிற வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கபடி இறுதிப் போட்டியில் நல்ல பிடிகாரன் ஒருவனை, இரத்தமே வராதபோது, "போதும் மனே, இரு" என்று சொல்லும் பயிற்றுவிப்பாளரை ஊர் சும்மா விடாது. அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்மேல் அன்பு வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, தூரம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தார்கள், தவறினால் சுற்றுவழி. பாலம் வந்தது பெரிய காரியம். ஆனால் போட்டிகள் நடப்பது இரவில், உள்ளூர் வயல்வெளிகளில். அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால், காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வழக்கமில்லாத நித்திரைத் தூக்கம், வலிப்பு, கை கால் விறைப்பு, குழறும் பேச்சு, கழுத்தெலும்பில் நோவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வண்டி. கழுத்து நோகிறது என்றால் தூக்கி உட்கார வைக்காமல், கிடந்தபடியே கிடக்க விடுங்கள். ஒன்றுமே இல்லாமல் குழப்பமாக மட்டும் இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. எந்த அணியோடு ஆடுகிறோம், புள்ளி எத்தனை, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று கேளுங்கள். அன்று என்னிடம் கேட்டிருந்தால் மூன்றிலும் தோற்றிருப்பேன்.

வருகிற சித்திரையில் விளையாட்டு விழா நடத்தப்போகும் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடத்தைப் பிடரிக்கு ஒதுக்குங்கள். போட்டி அன்று, இரண்டு கட்சியிலும் சேராத ஒருவரை, ஓர் ஆசிரியரோ தாதியோ ஓய்வுபெற்ற மருந்தாளரோ, கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருத்துங்கள். தலையில் அடிபட்டவன் ஆடலாமா கூடாதா என்பதில் அவர் சொல்வதே முடிவு என்று ஒலிபெருக்கியில் முதலிலேயே அறிவித்துவிடுங்கள்; பிறகு மத்தியஸ்தரோ தலைவரோ பிள்ளையின் தகப்பனோ பேச இடமிருக்காது. அந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அம்புலன்ஸ் இலக்கத்தையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 1990.